வாயில்லாதவளுக்கு வசனம்

எங்கள் வீட்டில் காலையில் முதலில் கண் விழிப்பது என் தங்கை அல்ல, அவளுடைய காது. அம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு சார்ஜ் ஏறிடுச்சா பாரு" என்பாள். நான் அலமாரியில் எட்டிப் பார்ப்பேன். பச்சை விளக்கு எரிந்தால் ஏறிவிட்டது. எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் உள்ளங்கையில் வைப்பேன். அவள் கண்ணைத் திறக்காமலே அதைக் காதின் பின்னால் மாட்டிக்கொண்டு, அதிலிருந்து நீளும் வட்ட வில்லையை முடிக்குள் நகர்த்துவாள். ஓரிடத்தில் டக்கென்று காந்தம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம்தான் குக்கர், குருவி, பக்கத்து வீட்டு பைக், நான் எல்லோரும் அவளுக்குச் சத்தம் போட ஆரம்பிப்போம்.

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தது அம்மாதான். ஏன் என்று கேட்டதற்கு, "பகல் முழுக்க பிள்ளைய விட்டுப் பிரியாம ஒட்டிக்கிட்டே இருக்கு. ராத்திரி ஆனா தனிப் பெட்டியில மெத்துன்னு படுத்துக்குது. லேசா தண்ணி பட்டாக்கூட கோவிச்சுக்குது. வேற என்னன்னு சொல்றது?" என்றாள். ஒருநாள் வில்லையைக் காணோம் என்று வீடே தலைகீழானது. கடைசியில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியா, மாப்பிள்ளை சாப்பாடு இருக்கற இடத்தைக் கண்டுபிடிச்சிட்டாரு" என்று அம்மா சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

தங்கையின் செல்லப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. சிறு வயதில் ஓயாமல் கத்துவாள் என்பதால் சில்வண்டு. தலைக்குள் அறுவை செய்து, காது கேட்பதற்கான சில்லு (சிப்) வைத்த பிறகு வண்டு பறந்துவிட்டது, சில்லு மட்டும் நின்றுவிட்டது. இப்போது தெருவே அவளைச் சில்லு என்றுதான் கூப்பிடுகிறது. கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "பேருக்கு ஏத்த மாதிரி இப்பத்தான் பொருளே வந்திருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

நான் வெளிநாட்டு அனிமே தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுகிறவள். சில்லு அவற்றுக்குக் குரல் கொடுக்கிறவள். உறவுக்காரர்கள் இதைப் 'பொம்மைப் படத்துக்குப் பேசறது' என்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறும். பேசிப் பாருங்கள், அப்போது தெரியும். மனிதர் நடித்த படத்தில் உதடு உதடாக அசையும். வரைந்த உதடு ஏதோ இரண்டு மூன்று விதமாகத்தான் திறக்கும். நம்முடைய நீளமான வினைச்சொற்களை எல்லாம் மடித்து, உதறி, மறுபடி மடித்து அந்தச் சின்ன வாய்க்குள் வைக்க வேண்டும். வைத்தது தெரியவும் கூடாது.

எங்கள் இருவருக்கும் சோறு போட்ட தொடர் ஒன்று. அதில் வரும் ஊரில் மழை நிற்பதே கிடையாது. கட்டடங்கள் மேகத்தைக் குத்திக்கொண்டு நிற்கும், ஒன்றில்கூடத் துணி காயப்போட இடம் இருக்காது. ஆளாளுக்குப் பின்கழுத்தில் ஓர் ஓட்டை, அதில் ஓர் ஒயர். அந்த ஊரில் காற்றில் அனுப்புகிற சேதி எதுவானாலும் யாராவது திருடிவிடுவார்கள் என்பதால், ரகசியங்களைக் கையில் வாங்கிக்கொண்டு கூரை கூரையாக ஓடிக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பெண்தான் நாயகி. ஓட்டக்காரி என்று நான் பெயர் வைத்தேன். விழுவாள், உடைவாள், உடைந்த இடத்தில் இயந்திரம் பொருத்துவார்கள், எழுந்து மறுபடி ஓடுவாள். முதல் சீசனில் கால் போயிற்று, கை போயிற்று, ஒரு கண் போயிற்று. சில்லு பேசின ஓட்டக்காரிக்கு எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அடிமை.

இந்த மாதிரித் தொடர்களில் எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். உடம்பில் ஒரு திருகாணி ஏறினால் மனசில் ஒரு திருகாணி கழன்றுவிட்டதாகவே காட்டுவார்கள். இரும்புக் கை வந்தவுடன் ஆள் சிரிப்பை மறந்துவிடுவான். ஓரமாகப் போய் நின்று, நான் இன்னும் மனிதன்தானா என்று மழையைப் பார்த்துக் கேட்பான். முதல் சீசன் எழுதும்போது நானும் கண் கலங்கித்தான் எழுதினேன். அப்போது எங்கள் வீட்டில் இயந்திரம் எதுவும் ஏறியிருக்கவில்லை.

பிறகு சில்லுவுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போயிற்று. முதலில் சத்தமாகப் பேசினாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அது கொஞ்சம் கொஞ்சமாக வடிவம் இழந்தது. ஒருநாள் என் முகத்தைப் பார்த்தாள். நான் முகம் சுளித்திருக்க வேண்டும். அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சில்வண்டு சத்தம் போடாத வீடு எப்படி இருக்கும் என்று நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

சில்லு வைத்து, முதல்முதலாக அதை இயக்கியபோது நாங்கள் எல்லோரும் அவளைச் சுற்றி நின்றோம். "ஏதாச்சும் கேக்குதாடி?" என்றேன். அவள் கண்ணை அகல விரித்தாள். "அக்கா, நீ தகர டப்பாக்குள்ள உக்காந்துட்டு கத்தற எறும்பு மாதிரி இருக்கே" என்றாள். நான் அழுதேன். அம்மா அழுதாள். அவள் மட்டும், "எறும்பு அழுவுது!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சில்வண்டு திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பல மாதம் பயிற்சி. நான் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு ஒரு சொல் சொல்வேன், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். பல்லி என்றால் பள்ளி என்பாள். வாழை என்றால் வாளை என்பாள். "ஒழுங்கா கேளுடி" என்று அதட்டுவேன். "நீ ஒழுங்கா சொல்லு. உன் ழ எனக்கு காது கேட்ட காலத்துலயே இப்படித்தான் இருந்துச்சு" என்பாள். சண்டை முற்றினால் வில்லையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எவ்வளவு கத்தியும் பிரயோசனம் இல்லை. சண்டையில் இப்படி ஓர் ஆயுதம் வைத்திருக்கிறவளோடு யார் மல்லுக்கு நிற்பது? எறும்பு போய் நான் நானாகக் கேட்க ஆரம்பித்த அன்று, "இதுக்கு எறும்பே தேவல" என்றாள்.

இந்த நேரத்தில்தான் இரண்டாவது சீசன் வந்தது.

சேனலில் இந்தத் தொடரைப் பார்த்துக்கொள்கிறவர் என்னைக் கூப்பிட்டார். வயது குறைவு, மரியாதை அதிகம், கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும். "மேடம், உங்க தங்கச்சிக்கு உடம்பு முடியாம போச்சுன்னு கேள்விப்பட்டோம். அதனால அவங்க முதல் சீசன்ல பேசினதை எல்லாம் குடுத்து, கம்ப்யூட்டர்லயே அவங்க குரலை செஞ்சு வச்சிருக்கோம். எழுதிக் குடுத்தா அதுவே பேசிடும். அவங்களுக்கு சிரமமே இல்ல" என்றார். உதவி செய்த திருப்தி அவர் முகத்தில் வழிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவளுக்கு இப்ப காது கேக்குது சார். அவளே பேசுவா."

"கேக்குதுங்கறது வேற மேடம், டப்பிங் பேசறது வேற."

"ட்ரையல் வச்சுப் பாருங்க. சரியா வரலைன்னா உங்க மெஷினே பேசட்டும்."

அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு காட்சி. சில்லுவும் பேசுவாள், அந்தக் குரலும் பேசும். எது நன்றாக இருக்கிறதோ அதற்கு ஓட்டக்காரி. வெளியே வந்து படி இறங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. தோற்றால் சில்லு தோற்பது வேறு யாரிடமோ அல்ல, காய்ச்சலுக்கு முன்னால் இருந்த சில்லுவிடம். அதன் பிறகு அவள் மைக் பக்கம் போகவே மாட்டாள். நன்றாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

போதாக்குறைக்குச் சேனலிலிருந்து வசனம் எழுதுகிறவருக்கு ஒரு குறிப்பும் வந்திருந்தது. இந்த சீசனில் ஓட்டக்காரியின் உடம்பு முழுக்க இயந்திரமாகிவிடுகிறது, ஆகையால் நான்காவது பாகத்திலிருந்து எல்லோரும் அவளை 'அது' என்று குறிப்பிட வேண்டும், 'வந்தாள், போனாள்' கூடாது, 'வந்தது, போனது' என்றே எழுத வேண்டும்.

"மூணாம் பாகம் வரைக்கும் அவ, நாலாம் பாகத்துல அது! இடையில என்னடி ஆச்சு? இவனுங்களுக்கு தமிழ்ல எழுதினா என்ன அர்த்தம் வருதுன்னு தெரியுமா தெரியாதா? மூல மொழியில அந்தத் தொல்லை இல்ல, அவனுங்க நிம்மதியா எழுதிட்டானுங்க. நான் இங்க ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் வால் ஒட்டணுமே, எந்த வாலை ஒட்டறது?" என்று சமையலறையில் கத்தினேன்.

சில்லு குறிப்பை வாங்கிப் படித்தாள். அவள் முகம் மாறும் என்று பயந்தேன். மாறவில்லை. "நாலாம் பாகத்துல என்ன பார்ட் மாத்தறாங்க?" என்று கேட்டாள்.

"இதயம்."

"ஓ. அப்ப தலையில மட்டும் மாத்தினவங்க தப்பிச்சோம்" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நான் கண்ணாடி போட்டிருக்கேன். பல்லு ரெண்டு கட்டினது. முட்டியில டாக்டர் என்னமோ இரும்பு வச்சிருக்காரு. நான் என்ன, பாதி அதுவா?" என்றாள்.

"நீ முழுசா அது. எப்பவும் அதுதான்" என்றாள் சில்லு. அம்மா வெங்காயத் தோலை அவள் மேல் எறிந்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்று முழுக்க அந்தக் குறிப்பை என்னால் விழுங்க முடியவில்லை. பல மாதம் எங்களை விட்டுத் தூரமாகிப் போனவளை எங்களிடம் திருப்பிக் கொண்டுவந்தது ஒரு விரல் நகம் அளவுச் சில்லு. இயந்திரம் ஏற ஏற மனுஷி குறைவாள் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் வீட்டில் ஏறிய அன்றுதான் மனுஷி முழுசாக வந்தாள்.

ட்ரையலுக்குக் கொடுத்த காட்சி, சீசனிலேயே பெரிய காட்சி. ஓட்டக்காரி கடைசியில் தன் அம்மா வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். சொந்த உடம்பு என்று எதுவும் மிச்சமில்லை. முகத்துக்குப் பதில் வழவழவென்று ஓர் இரும்புத் தகடு. வாயே இல்லை. வாயில்லாதவளுக்கு வசனம் எழுதுவது சுகமான வேலை, உதட்டுக்குப் பொருந்துகிறதா என்ற கவலையே கிடையாது. அவள் கதவைத் தட்டுகிறாள். அம்மா உள்ளேயிருந்து கேட்கிறாள். மூல வசனத்தில் அவள் தன் பெயரை முழுசாகச் சொல்லி, நான் உங்கள் மகள் என்கிறாள். நம்மில் எந்த மகள் அப்படிச் சொல்வாள்? யாரு என்று கேட்டால் நான்தான் என்போம். எந்த நான் என்று கேட்பவருக்குத் தெரிந்தாக வேண்டும், அது அவர் பாடு. ஆகவே நான் இப்படி எழுதியிருந்தேன். யாரு? நான்தான். யாரு? நான்தான்மா. கதவு திறக்கிறது.

ட்ரையல் அன்று அம்மா காலையிலேயே சில்லுவின் பையில் இன்னொரு பேட்டரியைத் துணியில் சுற்றி வைத்தாள். "மாப்பிள்ளைக்கு மாத்து" என்றாள். தான் வரவில்லை என்றும் சொல்லிவிட்டாள், படபடப்பில் ஏதாவது உளறிவிடுவாளாம். யார் உளறப் போகிறார்கள் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஒலிப்பதிவுக் கூடம் நாங்கள் பழகிய இடம்தான். சுவரெல்லாம் மெத்தை, நடுவில் கண்ணாடித் தடுப்பு, அந்தப் பக்கம் மைக்கும் திரையும் வசனக் காகிதத்துக்கு ஒரு சின்ன விளக்கும். இந்தப் பக்கம் மேசை நிறையப் பொத்தான்களோடு சவுண்ட் இஞ்சினியர். அவரை நாங்கள் உஷ் அண்ணன் என்போம். வாயைத் திறந்தால் முதலில் வருவது அதுதான். சில்லுவைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவள் தலையில் ஒட்டியிருந்த வில்லையை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நேரா ஆடியோ அனுப்பலாமாமே?" என்றார்.

"அனுப்பலாம்ணே. ஹெட்போனே வேணாம். நீங்க பட்டனை அழுத்தினா நேரா என் மண்டைக்குள்ள வந்துடும்."

"அப்ப மைக்குல ஹெட்போன் சத்தம் கசியாது!" உஷ் அண்ணனின் முகம் மலர்ந்தது. வாழ்நாளெல்லாம் அந்தக் கசிவோடு சண்டை போட்ட மனிதர். "எல்லா ஆர்ட்டிஸ்டுக்கும் இப்படி வச்சா எவ்ளோ நல்லா இருக்கும்!"

"எல்லாரையும் காய்ச்சல்ல படுக்கச் சொல்லணும்ணே" என்றாள் சில்லு.

அவர் சில்லுவின் காதோடு தன் மேசையை இணைத்தார். அப்படி இணைத்துவிட்டால் அறைச் சத்தம் அவளுக்குக் கேட்காது, அவர் அனுப்புவது மட்டும்தான் கேட்கும். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். சேனல்காரரும் வந்து சேர்ந்தார். முதலில் இயந்திரக் குரலைப் போட்டார்கள். திரையில் மழை, கதவு, தட்டும் சத்தம்.

"நான்தான்" என்றது அது.

அதே குரல். காய்ச்சலுக்கு முந்தின சில்லு. 'ன்'னில் லேசாக மூக்கை உரசுகிற அதே பழக்கம். அதிலே ஒரு குறை சொல்லலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. உஷ் அண்ணன் என்னைப் பார்க்காமல் பொத்தான்களைத் துடைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சில்லுவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவள் காகிதத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவள் தோற்றுப்போகப் போகிறாள் என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது.

"இப்ப தங்கச்சி பேசட்டும்" என்றார் சேனல்காரர். அம்மா பாத்திரத்துக்குப் பேச வேண்டியவர் அன்று வரவில்லை. "சும்மா எதிர் வசனத்துக்கு நீங்களே சொல்லிடுங்க" என்று உஷ் அண்ணன் என் முன்னால் ஒரு மைக்கை நகர்த்தினார். எழுதுகிறவளைப் பேசச் சொன்னால் எப்படி இருக்கும்? திரை ஓடியது. கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"யாரு?" என்றேன். ரேஷன் கடையில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

"நான்தான்" என்றாள் சில்லு. சுமார்தான். முன்னைவிடக் குரல் சற்றே கரகரத்திருந்தது, ஒரு துளி முந்திக்கொண்டும் விட்டாள். சேனல்காரர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அவள் அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். தோள் லேசாக இறங்கியது. எனக்குப் பதறிப்போயிற்று. அந்தப் பதற்றத்தில் காகிதத்தில் எழுதியிருந்தது மறந்து, வேலையாக இருக்கும்போது கதவு தட்டினால் எங்கள் அம்மா சிடுசிடுத்துக் கேட்பது அப்படியே என் வாயில் வந்துவிட்டது.

"யாரது?"

சில்லு நிமிர்ந்தாள். அவள் எதிர்பார்க்கவில்லை. என் குரல் நேராக அவள் மண்டைக்குள் போயிருக்கிறது. உள்ளேயிருந்து அம்மாவே கேட்ட மாதிரி இருந்ததாம், பிறகு சொன்னாள். அவள் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது, அது பாதியில் வேறு ஏதோ ஆயிற்று. ஒரு மூச்சு இழுத்தாள்.

"நாந்தாம்மா... கதவைத் தொறயேன்."

அலுப்பும் செல்லமும் அழுகையும் ஒன்றாகக் கலந்து வந்த குரல். வெகுதூரம் போய் நனைந்துவந்தவள், இன்னும் என்ன கேள்வி என்று அம்மாவிடம் மட்டுமே காட்டக்கூடிய அந்தக் கோபம். திரையில் வாயில்லாத அந்தத் தகடு நிற்கிறது. அது பேசினதாகவே எனக்குத் தோன்றியது. தகடு என்று நான் இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தது முகம்தான் என்று அப்போது உறைத்தது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. கதவு திறந்தது. அடுத்ததும் அம்மாவின் வசனம். 'என் மகளே, உன்னை என்ன செய்துவிட்டார்கள்' என்று மூலத்தில் இருந்ததை நான் நாலு முறை அடித்துத் திருத்தி எழுதியிருந்தேன். அதில் ஓர் எழுத்துகூட ஞாபகம் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் என் தங்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி இவ்ளோ நேரம்?" என்றேன்.

அவளுக்கு அங்கே வசனம் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பும் மைக்கில் விழுந்தது. காட்சி முடிந்தது. உஷ் அண்ணன் பழக்க தோஷத்தில் "உஷ்" என்றார். ஒருவரும் பேசிக்கொண்டிருக்கவே இல்லை.

சேனல்காரர் கழுத்திலிருந்த ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினார். பிறகு, "மேடம் சொன்ன 'யாரது'வை அந்தக் குரலுக்கு முன்னால வச்சுப் பாருங்க" என்றார். நியாயமான மனிதர்தான். உஷ் அண்ணன் வைத்தார்.

"யாரது?" என்றது என் பதற்றம்.

"நான்தான்மா" என்றது குரல். அழகாக, தெளிவாக, கேள்வி எப்படி வந்தாலும் கவலையில்லை என்கிற மாதிரி. சேனல்காரரே சிடுசிடுப்பாக ஒருமுறை, கொஞ்சலாக ஒருமுறை கேள்வியைப் பேசி முன்னால் வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அதே நான்தான்மா. குறையொன்றும் இல்லை. கேட்டுச் சொன்னதாகத்தான் இல்லை.

"வாய் இருக்கு, காது இல்ல" என்று முணுமுணுத்தார் உஷ் அண்ணன்.

சேனல்காரர் எழுந்து ஜன்னலோரம் போய்த் தன் மேலதிகாரியைப் போனில் கூப்பிட்டார். "சார், அந்த கதவுக் காட்சி... ஆமா சார். அவ வந்துட்டா சார்! அப்படியே வந்து வாசல்ல நிக்கறா!" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். ஓட்டக்காரியைச் சொன்னாரா, சில்லுவைச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம், "தங்கச்சியே பேசட்டும் மேடம். அந்த அம்மா கேரக்டரையும் நீங்களே பேசிடுங்க" என்றார்.

"நானா? எனக்கு நடிக்க வராது."

"அதான் நல்லா இருக்கு."

பாராட்டா திட்டா என்று யோசிக்க நேரமில்லை. அடுப்பு சூடாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும் என்று, "அப்ப நாலாம் பாகத்துலேர்ந்து 'அது'ன்னு எழுதச் சொன்னீங்களே?" என்று கேட்டேன்.

"எந்த அது?" என்றார் அவர். அந்தக் குறிப்பைப் பையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டேன்.

உஷ் அண்ணன் விரலை உயர்த்திச் சைகை காட்டினார். விஷயம் புரிந்ததும் சில்லு கண்ணாடிக்கு அந்தப் பக்கமே குதித்தாள். மெத்தை வைத்த அறையில் அவள் கத்தியது எங்கள் பக்கத்து ஸ்பீக்கரில் வந்து எல்லோர் காதையும் கிழித்தது. உஷ் அண்ணன் தடுக்கவில்லை. நானும் எழுந்து நின்று, வெட்கமில்லாமல் கை தட்டினேன். எத்தனையோ நாளாக மனசுக்குள் கட்டிவைத்திருந்த பாரம் ஒன்று பொத்தென்று இறங்கிற்று.

"அப்ப அந்தக் குரலை அழிச்சிடலாமா சார்?" என்று உஷ் அண்ணன் கேட்டது அவளுக்கும் போய்விட்டது, அவள் காதுக்கு அனுப்பும் பொத்தானை அவர் கை தெரியாமல் அழுத்திவிட்டிருக்கிறது.

"அய்யோ, அழிக்காதீங்க!" என்றாள் சில்லு. "நான் அதை இன்னும் கேக்கவே இல்லியே. என் பழைய குரலை இந்தக் காதால நான் கேட்டதே இல்லண்ணே. போடுங்க."

எனக்குத் திக்கென்றது. முதல் சீசன் ஓடும்போதெல்லாம் அவள் வேண்டுமென்றே வில்லையைக் கழற்றி வைத்துவிடுவாள், நாங்களும் கண்டும் காணாமல் இருப்போம். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டுவதற்குள் உஷ் அண்ணன் போட்டுவிட்டார். நான்தான்மா மட்டுமில்லை, சோதனைக்காகப் பேசவைத்திருந்த ஒரு பக்கம் முழுக்க. அவள் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டாள். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் தலைக்குள்ளே மட்டும், இயந்திரத்தில் பிறந்த குரல் இயந்திரக் காதின் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் உதடு கூடவே அசைந்தது. கண்ணோரம் ஈரமாயிற்று. துடைக்கவில்லை. நான் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

முடிந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"நல்லா பேசறாக்கா இவ" என்றாள்.

இவள்! வசனம் எழுதுகிறவள் காதுக்கு அந்த ஒற்றை வால் தப்புமா? சேனல்காரருக்கும் தப்பவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார். சில்லு அதையெல்லாம் கவனிக்கவில்லை.

"ஆனா பாவம். என்ன கேக்கறாங்கன்னே தெரியாம பேசிட்டே இருக்கா. நானும் இப்படித்தானே இருந்தேன்? அதுக்கு அப்புறம்தான வாயையே மூடிக்கிட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, ஓட்டக்காரிக்கு பழைய ஞாபகம் வர்ற இடமெல்லாம் இவளே பேசட்டும். நான் பக்கத்துல நிக்கறேன். அப்படியே இவளுக்கும் ஒரு காது வாங்கி மாட்டி விடுங்க."

"அதெல்லாம் என் கையில இல்லம்மா" என்றார் உஷ் அண்ணன், அவரிடம் நிஜமாகவே கேட்டுவிட்டது போல வருத்தத்தோடு.

"கேட்டு வைக்கறேன் மேடம்" என்று சேனல்காரர் பேனாவை எடுத்துக் கையில் எழுதிக்கொண்டார்.